வலை கட்டாத ஆறு வாரங்கள்

முதன்முதலாக நான் அவரைப் பார்த்தபோது, எங்கள் கருவாட்டுக் கிடங்கின் முன்னிருந்த மணல் களத்தில், கொளுத்தும் வெயிலில், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்திருந்தார். எதிரே ஓலைப்பாய் விரித்திருந்தது. அன்று காலை மீனவர் ஊரான பட்டினச்சேரியிலிருந்து வந்த கூடையில் ஒரு கை அள்ளி, இறால்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை பாயின்மேல் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உயரப்படி நிறுத்துவார்களே, அப்படி. வரிசையின் சின்ன முனை நீண்டு, பாயைத் தாண்டி மணலுக்குப் போயிருந்தது. பெரிய முனையில் நாலைந்துதான். காக்கை ஒன்று வந்து அந்த நாலைந்தில் ஒன்றைக் கொத்திக்கொண்டு பறந்தது. களத்தில் இறால் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் கோபப்படவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, அறிமுகம் எதுவும் இல்லாமல், "பெரிசாப் பாத்துத்தான் தூக்குது பாருங்க. சின்னதுல சதை இல்லேன்னு அதுக்குத் தெரியுது" என்றார்.

அவர் கோட்டுச்சேரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. சைவம். எங்கள் பிரெஞ்சுப் பகுதியின் எல்லையைத் தாண்டி மெட்ராஸ் பக்கம் போய் விலங்கியல் படித்துவிட்டு வந்தவருக்கு, பிரெஞ்சுக்காரர்கள் போய்ப் புது நிர்வாகம் வந்த கையோடு மீன்துறையில் வேலை கிடைத்தது. உத்தியோகப் பெயர் ஆய்வாளர். கடற்கரையில் எல்லோருக்கும் அவர் மீனாபீசர். மாலையில் சைக்கிளில் வீடு திரும்பினால் அவருடைய அம்மா கொல்லைக் கிணற்றடியில் மாற்று வேட்டியோடு காத்திருப்பாராம். குளித்து முடிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. "இந்தப் படிப்புக்கு வேற வேலையே கெடைக்கலியாடான்னு தெனமும் கேக்குறாங்க" என்று சொல்லிச் சிரிப்பார். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் திருச்சியில் பொருளாதாரம் படித்துவிட்டு வந்து வாப்பாவின் கருவாட்டு வியாபாரத்தில் உட்கார்ந்திருந்தேன். படித்த படிப்புக்கும் பார்க்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று என் வீட்டிலும் உம்மா சொல்லிக்கொண்டுதான் இருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் முதலில் ஒட்டியது அந்த இடத்தில்தான்.

அந்தக் காலத்தில் எங்கள் சரக்கில் பெரும்பங்கு சின்ன இறால். மழைக்காலம் முடிந்து தை பிறக்கும் சமயத்தில் ஆற்றுக்குள் இறால் குஞ்சுகள் மொய்க்கும். கடலில் பொரித்து, ஆற்றுக்குள் வந்து வளர்ந்து, விரலளவு ஆனதும் மறுபடி கடலுக்கே திரும்புகிறவை அவை. கடல் வற்றும் நேரத்தில் ஆற்று நீர் முகத்துவாரத்தை நோக்கி இழுக்கும். அந்த இழுப்புக்குக் குறுக்கே கழிகளை நட்டு, பைபோல் நீண்ட வலையைக் கட்டிவைத்தால் போதும், இறால் தானாகவே வந்து விழும். கட்டுவலை என்பார்கள். கடல் இன்னும் அடங்காத மாதங்கள் அவை. கட்டுமரங்கள் வெளியே போவது பாதி நாள் நடக்காது. அதனால் பட்டினச்சேரியில் பல வீடுகளில் அடுப்பை எரியவைத்தது முகத்துவாரத்து வலைதான். விழுகிற இறால் நகத்தளவு இருக்கும். குழம்பு வைக்க யாரும் வாங்கமாட்டார்கள். நாங்கள் வாங்கி, அவித்துக் காயவைத்து, சாக்கில் கட்டிக் கொழும்புக்கு அனுப்பினோம். எல்லோருக்கும் கொஞ்சம் கிடைத்தது. ஆனால் அதே சாக்கை நிரப்ப வருடத்துக்கு வருடம் அதிக வலைகள் தேவைப்பட்டன. வாப்பா அதைக் கவனித்திருந்தார். "முன்ன பத்து வலையில வந்தது இப்ப முப்பது வலையில வருது. பரக்கத்து போயிருச்சு" என்பார், ஆண்டவன் தரும் பெருக்கம் போய்விட்டது என்று. அதோடு விட்டுவிடுவார்.

மீனாபீசரால் அதோடு விட முடியவில்லை. ஒரு வருடம் முழுக்க ஆற்றிலும் களத்திலும் அளந்துகொண்டே இருந்தார். ஒரு இறால் எத்தனை வாரத்தில் எவ்வளவு எடை போடுகிறது, வளர்வதற்குள் எத்தனை இறால் மற்ற மீன்களின் வாய்க்குள் போகிறது என்று கணக்குப் போட்டார். மூன்று மாதம் முகத்துவாரத்தில் வலையே கட்டாமல் இருந்தால், அதே ஆற்றிலிருந்து அதே இறால் பல மடங்கு எடையோடு வெளியே வரும் என்பது அவர் கண்ட முடிவு. அதைச் சொல்வதற்குப் பட்டினச்சேரியில் கோயில் முன்னால் ஒரு கூட்டம் போட்டார். சரக்கு வாங்குகிற வீடு என்ற முறையில் நானும் போயிருந்தேன்.

அந்த ஊரில் கரையேறும் மீனை ஏலம் விட்டவர் ஒரு பெண்மணி. கணவரைக் கடலில் இழந்தவர் என்று கேள்வி. ஒல்லியான உடம்பு. குரல் மட்டும் கடற்கரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போகும். யார் வலையில் என்ன விழுந்தது, யார் வீட்டில் அன்றைக்கு உலை ஏறவில்லை, இரண்டும் அவருக்குத் தெரியும். ஏலக்காரம்மா என்றுதான் ஊர் கூப்பிட்டது. மீனாபீசர் தான் பிறந்த வீட்டு வழக்கிலேயே ஆரம்பித்தார். "வெதநெல்ல யாராச்சும் குத்திச் சோறாக்குவாங்களாம்மா? இதுவும் அந்த மாதிரிதான். மூணு மாசம் விட்டுட்டா..."

ஏலக்காரம்மா முடிக்க விடவில்லை. "ஆபீசரே, வயலு உங்களோடது. வரப்பு இருக்குது. வெதச்சவரே அறுப்பீங்க. ஆத்துல நான் விட்ட இறால எவன் அறுப்பான், சொல்லுங்க? இன்னிக்கு நான் வலையக் கழட்டுனா நாளைக்குப் பக்கத்து வூட்டுக்காரன் கட்டுவான். அவனும் கழட்டுனா எல்லைக்கு அந்தாண்டேருந்து வந்து கட்டுவான். சரி, எல்லாரும் நல்லவங்கன்னே வச்சுக்குவோம். மூணு மாசம் இறாலு வளரட்டும். அதுவரைக்கும் எங்க புள்ளைங்க வளர வேணாமா?"

கூட்டம் ஆரவாரம் செய்தது. அரசாங்க ஆள் இப்போது சட்டத்தைக் காட்டி மிரட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ, "நீங்க கேக்குறதுக்கு எங்கிட்ட பதில் இல்லம்மா. யோசிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். திரும்பி வரும்போது சைக்கிளை மிதிக்காமல் உருட்டிக்கொண்டே நடந்தார். நானும் கூட நடந்தேன். திருமலைராயன்பட்டினம் கடைத்தெரு வந்தபோதுதான் சொன்னார்: "என் கணக்குல இறாலு மட்டும்தாங்க இருக்கு. ஆளே இல்ல." நான் சொன்னேன்: "என் படிப்புல ஆளு மட்டும்தான் இருந்தாங்க. மீனு எடுக்க எடுக்கத் தீராதுன்னு வச்சுக்கிட்டுத்தான் எங்களுக்குப் பாடமே நடத்துனாங்க." அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்த நாள் மத்தியானம் கிடங்குக்கு வந்துவிட்டார்.

அதன்பிறகு பல மத்தியானங்கள் நாங்கள் அந்த வேலையைச் செய்தோம். சரக்கைத் திருப்பிப் போட்டுவிட்டுப் பெண்கள் சாப்பிடப் போகிற நேரம் அது. கிடங்கின் உள்சுவர் வெள்ளையடித்திருந்தது. அதில் அடுப்புக்கரியால் அவர் ஒரு கோடு போடுவார்: வலைகள் கூடக்கூட மொத்தப் பிடிப்பு முதலில் ஏறுகிறது, ஓர் இடத்தில் நின்று, பிறகு இறங்குகிறது. அந்தப் பிடிப்பைப் பணமாக எண்ணிக்கொண்டு, அதன்மேலேயே நான் இன்னொரு கோடு போடுவேன்: வலை, கழி, கயிறு, ஆள் கூலி என்று செலவு மட்டும் வலைக்கு வலை நேராக ஏறிக்கொண்டே போகிறது. இரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் ஊரே வேலை செய்யும், ஒருவர் கையிலும் ஒன்றும் நிற்காது. அந்த இடத்தைக் கரிக்கட்டையால் தொட்டுவிட்டு அவர், "இங்கதான் நிக்கிறோம்" என்றார். நான் தினமும் பார்க்கிற ஊர், என் களத்துக்குக் கூடை சுமந்து வருகிற பெண்கள், வாப்பாவின் பரக்கத்து என்ற புலம்பல், எல்லாம் அந்தக் கரிப்புள்ளிக்குள் இருந்தன. பல வருடங்களுக்குப் பிறகுதான், உலகத்தில் வேறு மூலைகளில் பெரிய படிப்பாளிகள் ஏறக்குறைய அதே காலத்தில் அதே இரண்டு கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார்கள் என்றும், அதற்கு ஒரு பெயர் உண்டு என்றும் தெரிந்துகொண்டேன். எங்களுக்கு அன்றைக்கு அது சுவரில் போட்ட கணக்கு, அவ்வளவே.

அந்தக் கணக்கில் அவருடைய மூன்று மாதம் நிற்கவில்லை. இறாலுக்கு அது சரியான விடை. வீட்டுக்குத் தவறான விடை. மூன்று மாதம் வலை கட்டாத குடும்பம் எங்கேயாவது முன்பணம் வாங்கித்தான் சாப்பிட வேண்டும். முன்பணம் கொடுத்தவர் சொன்ன விலைக்குத்தான் பிறகு மீனைப் போட வேண்டும். இறால் வளர்ந்த லாபம் அப்படியே கைமாறிவிடும். முன்பணம் கொடுக்கிறவர்களில் எங்கள் வீடும் ஒன்று என்பதால் இந்தப் பகுதியை நான் யாரையும் கேட்காமலே எழுத முடிந்தது. மாதத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தோம். இறால் மிகச் சின்னதாக இருக்கும் ஆறு வாரம் மட்டும் வலை கட்டாமல் இருப்பது, அந்த ஆறு வாரத்துக்கு அரிசி மட்டும் கடனாகக் கிடைப்பது, இருக்கிற வலைகளுக்கு மேல் ஒரு வலைகூடச் சேர்க்காமல் இருப்பது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் வீட்டில் ஏதோ மிஞ்சியது. பிடிப்பின் எடை அவர் முதலில் சொன்னதைவிடக் குறைவுதான். "கொஞ்சம் இறாலை விட்டுக்குடுத்தாத்தான் ஆளு பொழைக்கிறாங்க" என்று சொல்லி, தன்னுடைய அழகான மூன்று மாதக் கோட்டை அவரே கையால் அழித்தார்.

அரிசிக்கு வாப்பாவிடம்தான் போக வேண்டியிருந்தது. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நீ யாருக்கு வேலை பாக்குறே தம்பி? நமக்கா, இறாலுக்கா?" என்றார். நான் சுவரைக் காட்டினேன். அவருக்குக் கோடுகள் பிடிபடவில்லை. ஆனால் ஒரு நல்ல வியாபாரி கேட்க வேண்டியதைக் கேட்டார். பெரிய இறால் வந்தால் கொழும்பில் போகுமா? போகும், நல்ல விலைக்கே போகும் என்றேன். வராமல் போனால்? அரிசி நஷ்டம் என்றேன். மீனாபீசர் பக்கம் திரும்பி, "இப்படியே வுட்டா என்ன ஆவும், ஆபீசர் தம்பி?" என்றார். "இன்னும் கொஞ்ச வருஷத்துல உங்க களத்துல காயப்போட ஒண்ணும் இருக்காதுங்க" என்றார் அவர். வாப்பா தாடியைத் தடவிக்கொண்டே களத்தைப் பார்த்தார். மூட்டைகளைக் கொடுக்கச் சம்மதித்தார், வருகிற பெரிய இறாலைத் தான் சொல்லும் விலைக்குத் தனக்கே போட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அந்த நிபந்தனையை ஏலக்காரம்மா நேரே கிடங்குக்கு வந்து அடித்து நொறுக்கினார். "அரிசிய வாங்கிக்கிறோம் மரைக்காரே. ஒரு பிடி கொறையாமத் திருப்பிக் குடுத்துருவோம். ஆனா வெலைய நீங்க சொல்ல வேணாம். நாலு பேரோட நின்னு ஏலத்துல எடுங்க."

"நான் குடுத்த அரிசியத் தின்னுட்டு எனக்கே ஏலமா?"

"அரிசி புள்ளைங்களுக்கு. ஏலம் இறாலுக்கு. ரெண்டையும் ஏன் ஒண்ணா முடியுறீங்க?"

வாப்பா சிரித்துவிட்டார். ஏலக்காரம்மா போன பிறகு, "இந்தம்மா கொழும்புல கடை போட்டா நாமெல்லாம் ஊரைக் காலி பண்ண வேண்டியதுதான்" என்றார். அரிசி மூட்டைகள் அந்த வாரமே மாட்டு வண்டியில் போயின.

வலை கட்டாத அந்த வாரங்கள் எளிதாகப் போகவில்லை. கண்ணெதிரே ஆற்றில் இறால் துள்ளிக்கொண்டிருக்க, வலை கொடியில் தொங்கியது. அரிசிக்குக் குழம்பு வைக்க ஒன்றுமில்லை என்று பெண்கள் ஏலக்காரம்மாவைத் திட்டினார்கள். அவர் எங்களைத் திட்டினார். நாலாவது வாரத்தில் ஒரு காலை, எல்லைக்கு அப்புறத்து ஊரிலிருந்து ஆட்கள் வந்து தெற்குக் கரையில் கழி நட ஆரம்பித்துவிட்டார்கள். செய்தி கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது பட்டினச்சேரி இளைஞர்கள் துடுப்போடு வடகரையில் நின்றிருந்தார்கள். அளவெடுக்க வந்திருந்த மீனாபீசர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கி, இரண்டு கரைக்கும் நடுவே இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு பக்கமும் கையை ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றும் காதில் விழவில்லை. கடல் வற்றுகிற நேரம். இழுப்பு பலமாக இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வேட்டி அவிழ்ந்து முகத்துவாரத்தை நோக்கிப் போய்விட்டது. அவர் கழுத்தளவுக்குக் குனிந்து நின்றுகொண்டார். முதலில் தென்கரையில்தான் யாரோ சிரித்தார்கள். பிறகு இரண்டு கரையும் சிரித்தது. வேட்டியைப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தவன் தென்கரைப் பையன். துடுப்புகள் கீழே இறங்கின. இன்னொரு நாழிகை தாமதித்திருந்தால் அங்கே மண்டை உடைந்திருக்கும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

அன்றைக்கே ஈர வேட்டியோடு அவர் அந்த ஊருக்கு நடந்தார். நானும் ஏலக்காரம்மாவும் கூடப் போனோம். வாஞ்சூர்ப் பக்கம் பிரெஞ்சுக்காரர் காலத்துச் சுங்கச் சாவடி ஆளில்லாமல் கிடந்தது, அதைத் தாண்டினால் வேறு அரசாங்கம். ஊர்ப் பெரியவர் ஒருவர் சாவகாசமாகச் சொன்னார்: "நீங்க பாண்டிச்சேரி கவர்மெண்டு. நாங்க மெட்ராஸ் கவர்மெண்டு. உங்க சட்டம் இங்க செல்லாதுங்க."

"சட்டம் ஒண்ணும் இல்லீங்க. பட்டினச்சேரியிலயும் இல்ல. கேட்டோம், ஒத்துக்கிட்டாங்க. உங்களை முதல்லயே வந்து கேட்டிருக்கணும். இப்ப கேக்கத்தான் வந்திருக்கேன்."

மீனாபீசர் இறாலைப் பற்றி நிறையச் சொன்னார். அவர்கள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்கள். காரியத்தை முடித்தது ஏலக்காரம்மா. அவருடைய மகளைக் கட்டிக்கொடுத்திருந்தது அந்த ஊரில்தான். "எம்பொண்ணு இங்க உலை வைக்கிறா. உங்க தங்கச்சிங்க நாலு பேரு அங்க வைக்கிறாங்க. வலைய என்னிக்குக் கட்டுறதுன்னு ரெண்டு ஊரும் சேந்து பேசி ஒரே நாளுல கட்டுவோம். அதுக்கு முன்ன கட்டுனா எம்மருமவனா இருந்தாலும் கழிய நானே பிடுங்குவேன்" என்றார். அந்தக் கரையில் முடைப்பட்ட வீடுகளுக்கும் அரிசி தருவதாக நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். வாப்பா, "மெட்ராஸ் கவர்மெண்டுக்கும் நாமதான் சோறு போடணுமா?" என்று கத்திவிட்டு, மூட்டைகளை எடுத்துவைக்கச் சொன்னார். இரண்டொரு பேர் இருட்டில் வலை போட்டார்கள்தான். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

ஆறு வாரம் முடிந்து இரண்டு கரையிலும் வலை கட்டிய காலையில், கூடைகளைப் பெண்களால் தலைக்குத் தூக்க முடியவில்லை. விரல் நீளத்தில், கண்ணாடிபோல் இறால். ஏலக்காரம்மா விலையைக் கூவும்போது அவருடைய குரல் இரண்டு முறை உடைந்தது. வாப்பா ஏலத்தில் நின்று, மற்ற வியாபாரிகளோடு முட்டி மோதி, நினைத்ததைவிட அதிகம் கொடுத்து எடுத்தார். அரிசி திரும்பி வந்தது.

செய்தி தலைமை அலுவலகம் வரை போய், மேலதிகாரி ஒருவர் காரில் வந்து இறங்கினார். கெட்ட மனிதரில்லை. கடற்கரை மக்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற உண்மையான ஆசை அவருக்கு இருந்தது. எங்கள் கிடங்கில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டே, "இந்த வெற்றிய அப்படியே அறிக்கையா எழுதுங்க. அதைக் காட்டி அடுத்த வருஷம் இன்னும் நாப்பது வலைக்குக் கடன் வாங்கிரலாம்" என்றார்.

மீனாபீசர் எழுந்து நின்றார். "வெற்றின்னு எழுத முடியாதுங்க சார். இந்த வருஷம் மழை நல்ல மழை. இறாலு மழையால வந்துச்சா, நாம விட்டதால வந்துச்சான்னு ஒரு வருஷத்த வச்சுச் சொல்ல முடியாது. ஆனா நாப்பது வலை சேத்தா, எதனால வந்திருந்தாலும் போயிரும்."

மேலதிகாரி இளநீரைக் கீழே வைத்துவிட்டார். அவர் போன பிறகு எனக்குத் தாளவில்லை. நாம் உழைத்து, ஊரைக் கெஞ்சி, எங்கள் வீட்டு அரிசியைக் கொடுத்துக் கண்டதை நீங்களே இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்று சத்தம் போட்டேன். மீனாபீசர் அமைதியாகத்தான் சொன்னார். "தெரியாததத் தெரியும்னு எழுதிட்டு, அடுத்த வருஷம் இறாலு வராமப் போச்சுன்னா, அதுக்கப்புறம் நாம உண்மையச் சொன்னாலும் யாரும் நம்பமாட்டாங்க." அறிக்கையை அப்படியேதான் எழுதினார். நாற்பது வலைத் திட்டம் அப்போதைக்கு நின்றது. சில மாதங்களில் அவருக்கு மேற்குக் கரையிலிருக்கும் மாஹேக்கு மாற்றல் வந்தது. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. உத்தியோகத்தில் மாற்றல் சகஜம்தான் என்று அவரும் சொல்லிக்கொண்டு, அம்மாவைக் கோட்டுச்சேரியில் விட்டுவிட்டு ரயிலேறினார்.

மறு வருடம் தை நெருங்கியபோது கூட்டத்துக்கு நான் தனியாகப் போனேன். அரசாங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. வலையைக் கட்டிவிடலாம் என்று ஒரு பக்கம் முணுமுணுப்பு எழுந்துவிட்டிருந்தது. ஏலக்காரம்மா என்னைப் பார்த்து, "மரைக்கார் வூட்டுத் தம்பி, உங்க ஆபீசரு கடைசியா என்ன சொல்லிட்டுப் போனாரு? நாம விட்டதாலதான் வந்துச்சுன்னு சொன்னாரா?" என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். அவர்கள் நம்பியிருப்பார்கள். ஆனால் மீனாபீசருடைய முகம் முன்னால் வந்து நின்றது. "இல்லம்மா. இன்னும் தெரியலேன்னு சொன்னாரு. சில வருஷம் செஞ்சு பாத்தாத்தான் தெரியுமாம்" என்றேன்.

காரியம் கெட்டது என்றே நினைத்தேன். ஏலக்காரம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகினார். "தெரியலேன்னு அவரே சொன்னாரா? இத்தினி வருஷத்துல கடக்கரைக்கு எத்தினியோ ஆபீசருங்க வந்தாங்க. வெள்ளக்காரனும் வந்தான். தெரியலேன்னு ஒருத்தன் சொல்லி நான் கேட்டதில்ல. தெரியற வரைக்கும் செஞ்சு பாப்போம்" என்றார். அந்த வருடமும் வலை கொடியில் தொங்கியது.

இன்று கீழவாஞ்சூரில் துறைமுகம் இருக்கிறது. நிலக்கரி லாரிகள் போகும் தூசியில் நான் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன். கட்டுவலைக் காலத்துக்குப் பிறகு நைலான் வந்தது, விசைப்படகு வந்தது, இறாலுக்கு வெளிநாட்டு விலை வந்தது. அந்த விலை வந்தபோது எங்கள் ஆறு வார ஏற்பாடு ஒரே பருவத்தில் உடைந்தது. சுவரில் நாங்கள் போட்ட இரண்டு கோடுகளுக்குள் அதுவும் இருந்தது: விலை ஏறினால் வலைகள் ஏறும். அதைத் தடுக்க என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கவில்லை. இப்போது வருடத்துக்கு ஒரு முறை மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. படகுகள் கரையில் நிற்கின்றன, குடும்பங்களுக்கு நிவாரணம் கொடுக்கிறார்கள். போதவில்லை என்று மக்கள் சொல்கிறார்கள். அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம், எத்தனை நாள் மூடுவது, அதுவரை அடுப்பு எப்படி எரிவது என்ற இரண்டு கேள்விகளையும் யாரோ ஓர் அறையில் ஒன்றாக உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆறுதலாக இருக்கும். அந்த இரண்டும் ஒரே கேள்வி என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வருடம் ஆயிற்று.

மூன்றாவது வருடத்தைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் இல்லை. முகத்துவாரத்தை மண் முக்கால்வாசி மூடி, அக்கரைக்கு நடந்தே போகலாம் போல் ஆகிவிட்டது. வலை கட்டிய முதல் வாரத்தில் கூடைகள் பாதிகூட நிறையவில்லை. தங்கையின் கல்யாணத்துக்கு லீவில் வந்திருந்த மீனாபீசர், கல்யாண வீட்டு வேட்டியோடும் நெற்றிச் சந்தனத்தோடும் ஏலம் நடக்கிற நேரத்துக்குப் பட்டினச்சேரிக் கரைக்கு வந்துவிட்டார். நானும் வாப்பாவும் நின்றிருந்தோம். வாப்பாவிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இதற்கு முன்னால் எப்போது இப்படி மழை பொய்த்தது, அப்போது எவ்வளவு வந்தது? வாப்பாவுக்கு நன்றாக நினைவிருந்தது. நாலு வருடத்துக்கு முன், வலை வருடம் முழுக்கக் கட்டிய காலத்தில். "அன்னைக்கு இதுல பாதி எடைகூட இல்லீங்க தம்பி. அதுவும் பூரா நகத்தளவு. இது கொறச்சல்தான், ஆனா இது இறாலு."

மீனாபீசர் கூடைகளைப் பார்த்தார். வாய்க்குள் எதையோ கூட்டினார், கழித்தார். மறுபடி கூட்டினார். அப்புறம் அவருடைய முகம் மாறத் தொடங்கியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வறண்ட ஆற்றங்கரையில், பாதிக் கூடைகளுக்கு நடுவே, கவலையோடு நிற்கும் அத்தனை பேர் முன்னால் அவர் ஒருவர் மட்டும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். ஏலக்காரம்மா ஏலத்தை நிறுத்திவிட்டு வந்தார்.

"என்ன ஆபீசரே, ஊரே வயித்துல ஈரத்துணியக் கட்டிக்கிட்டு நிக்குது. நீங்க சிரிக்கிறீங்க?"

அவர் வெட்கத்தோடு சிரிப்பைத் துடைத்துக்கொள்ளப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்கம்மா. மழையே இல்லாத வருஷத்துல இவ்ளோ வந்திருக்கு. மழையால வரல. இப்ப சொல்லலாம். நீங்க விட்டதாலதான் வந்துச்சு."

ஏலக்காரம்மா கூடைகளைத் திரும்பிப் பார்த்தார். ஓர் இறாலை எடுத்து வாலைப் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, மெதுவாகத் திரும்பக் கூடைக்குள்ளேயே வைத்தார்.

"அப்ப சிரிங்க" என்றார். "எங்களுக்கும் சேத்துச் சிரிங்க. நாங்க ஏலத்த முடிச்சுட்டு வர்றோம்."